விளிம்பில் அழுத்தியவர்கள்

செப்டம்பர் 1, திங்கள்

இன்று ஒரு பெண் நான்காயிரம் முறை குதித்தாள். நான் குதிக்க வைத்தேன்.

அவளுக்கு இன்னும் பெயரில்லை, உடையில்லை, முகமில்லை. சாம்பல் நிறப் பொம்மை. நடை, ஓட்டம், விழுதல் எல்லாம் ஹசீனா வரைகிறாள். எவ்வளவு வேகம், எவ்வளவு உயரம், எவ்வளவு நேரம் என்பது என் வேலை. கோவை சரவணம்பட்டியில் ஒரு மாடி, பதினோரு பேர், ஓர் இணைய விளையாட்டு. பெயர் 'ஏழாம் கரை'. ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு பல ஊர்க்காரர்கள் ஒரே தீவில் அலையலாம், சண்டை போடலாம், சும்மா உட்கார்ந்து பேசலாம். விஜயதசமி அன்று எல்லோருக்கும் திறக்கிறது. இப்போது அறுநூறு பேர் சோதனைக்காக விளையாடுகிறார்கள்.

முதலாளி வெள்ளியங்கிரி பின்னால் வந்து நின்றார்.

"ஏனுங் ஷெர்லின், பூமியோட ஈர்ப்பு ஒம்பது புள்ளி எட்டு தானுங்களே? இதென்ன இருவதுன்னு போட்டிருக்கறீங்க?"

"ஏறும்போது இருபது சார். இறங்கும்போது முப்பத்தஞ்சு."

"ஏறறதுக்கு ஒரு பூமி, எறங்கறதுக்கு ஒரு பூமிங்களா?"

உண்மையான எண்ணைப் போட்டுக் காட்டினேன். ஒன்றேகால் மீட்டர் உயரத்துக்குப் பொம்மை ஒரு விநாடி மிதந்தது. பலூன். பிறகு என் எண்களைப் போட்டேன். அரை விநாடி கடந்ததும் தரையில் நின்றது.

"ஆமாங்," என்றார். "நெசத்தப் போட்டா பொய்யாத் தெரியுது."

பரவளையம் என்று ஐந்து வருடம் படித்தேன். இங்கே அதன் ஒரு பாதி சரிவாகவும் மறுபாதி செங்குத்தாகவும் இருந்தால்தான் விரல் நம்புகிறது.

அம்மா இரண்டு முறை அழைத்தாள். நூலகத்தில் இருக்கிறேன் என்று செய்தி அனுப்பினேன்.


செப்டம்பர் 2, செவ்வாய்

முன்னால் போகும் விசையையும் பக்கவாட்டு விசையையும் சேர்த்து அழுத்தினால் வேகம் ஒன்று புள்ளி நான்கு ஒன்று மடங்கு ஆகிவிடுகிறது. பள்ளிக்கூடத்து முக்கோணக் கணக்கு. நான் கவனிக்கவில்லை. விளையாடுகிறவர்கள் கவனித்துவிட்டார்கள். தீவு முழுக்க நண்டு போலச் சாய்ந்து ஓடிக்கொண்டிருந்தார்கள்.

சரி செய்தேன். மாலைக்குள் முப்பத்தொரு புகார்.

"பாவம்டி, எவ்வளவு சந்தோசமா ஓடுனாங்க," என்றாள் ஹசீனா. அவள் கொண்டுவந்த இடியாப்பத்தில் பாதி எனக்கு. தினமும் பாதி. கேட்டு வாங்கியதில்லை.


செப்டம்பர் 4, வியாழன்

விளிம்பு.

பாறையின் ஓரம் வரை ஓடி, கடைசி நொடியில் குதிப்பதாக எல்லோரும் நினைக்கிறார்கள். பதிவுகளைப் பார்த்தால் பாதிப் பேர் ஓரத்தைத் தாண்டிய பிறகுதான் பொத்தானை அழுத்துகிறார்கள். கால் காற்றில். கண்டிப்பாகச் சொன்னால் குதிக்க முடியாது, விழ வேண்டும். விழுந்தால் "அழுத்தினேன், வேலை செய்யவில்லை" என்பார்கள். பொய் அல்ல. அவர்கள் விரலுக்கு அப்படித்தான்.

அதனால் ஒரு சலுகை. ஓரத்தை விட்ட பிறகும் நூற்றிருபது மில்லி விநாடிக்குள் அழுத்தினால் குதிப்பு உண்டு. ஓடும் வேகத்தில் அது அறுபது சென்டிமீட்டர். அவ்வளவு தூரம் வெறுங்காற்றின் மேல் நடக்கவிடுகிறோம். யாருக்கும் சொல்வதில்லை. தெரியாமல் இருந்தால்தான் அது வேலை செய்கிறது.

எனக்கு எங்கெல்லாம் யார் யார் இப்படி விட்டுக்கொடுத்திருப்பார்கள் என்று பேருந்தில் யோசித்தேன். பட்டியல் நீண்டது. காந்திபுரம் வந்துவிட்டது.


செப்டம்பர் 5, வெள்ளி

தாண்டுபாறை திறந்தது. பள்ளத்தாக்குக்கு மேலே அறுபத்து நான்கு பாறைகள். ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் குதிக்க வேண்டும். தவறினால் முதலிலிருந்து.

காற்றிலேயே மறுபடி மறுபடி குதிக்கும் திருட்டு மென்பொருள்கள் உண்டு. அவற்றைப் பிடிக்க ஒரு காவல் எழுதியிருக்கிறேன். விளையாடுகிறவரின் திரையில் நடப்பது ஒன்று, எங்கள் சர்வரில் நடப்பது ஒன்று. முடிவு சர்வருடையது. சர்வர் கணக்கில் கால் தரையில் இல்லாதபோது, சலுகை நேரமும் முடிந்த பிறகு, குதிப்பு வந்தால் ஒரு குறி விழும். உடனே பிடித்து இழுத்தால் திரை வெட்டி வெட்டித் தெரியும், அசிங்கம். எனவே போகவிட்டு எண்ணிக்கொள்வது. நாற்பது குறி சேர்ந்தால் கணக்கு முடக்கம்.

முடக்கப்பட்டவர்களின் பெயர் பழிக்கல்லில் ஏறும். தீவின் துறைமுகத்தில், எல்லோரும் வந்திறங்கும் இடத்தில், ஒரு பெரிய கருங்கல். வெள்ளியங்கிரியின் யோசனை. அபராதத்தை விட வெட்கம் நன்றாக வேலை செய்யும் என்பது அவர் கட்சி.


செப்டம்பர் 8, திங்கள்

இரண்டு நாளில் பதினேழு பேர். கல்லில் பதினேழு பெயர்.

"நிச்சயமுங்களா?" என்று வெள்ளியங்கிரி கேட்டார். "பேரு ஏத்தியாச்சுன்னா ஏத்துனதுதானுங்."

"நிச்சயம் சார்."

மதியம் மழை. நல்ல காபி.


செப்டம்பர் 9, செவ்வாய்

முடக்கப்பட்டவர்களில் ஒருவரிடமிருந்து கடிதம். விளையாட்டில் பெயர் 'பவளம்'. அப்படியே எடுத்தெழுதுகிறேன்.

"மதிப்பிற்குரிய நிறுவனத்தாருக்கு. என் பெயர் பவளக்கொடி. வயது 47. கோத்தகிரியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். நான் எந்த மென்பொருளும் போடவில்லை, போடவும் தெரியாது. அறுபத்து நான்கு பாறையையும் தாண்டினேன் என்பது உண்மை. எழுபது தடவைக்கு மேல் விழுந்து கற்றுக்கொண்டேன். என் மகன் துபாயில் லிஃப்ட் பொருத்தும் வேலையில் இருக்கிறான். நாங்கள் தினமும் மாலையில் உங்கள் தீவில்தான் பார்த்துக்கொள்கிறோம். தயவுசெய்து பரிசீலிக்கவும்."

குறிகளைப் பார்த்தேன். நாற்பத்தொன்று.


செப்டம்பர் 10, புதன்

பதில் அனுப்பினேன். மூன்று வரி. கடைசி வரி: பதிவுகள் பொய் சொல்வதில்லை.


செப்டம்பர் 12, வெள்ளி

ஹசீனாவுக்குக் காய்ச்சல். வீட்டிலிருந்து, செல்போன் இணைப்பில், வரைந்ததைச் சோதித்துப் பார்த்திருக்கிறாள். அவள் கணக்கில் ஒன்பது குறி.

தற்செயல்.


செப்டம்பர் 13, சனி

துணி துவைத்தேன். அறைக்கு ஒட்டடை அடித்தேன். கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டி நிறைய ஆய்வுக் கட்டுரைகளின் நகல்கள். தூக்கி மேலே வைத்தேன். பிறகு மறுபடி கீழே.

பவளக்கொடியின் இரண்டாவது கடிதம். இரண்டே வரி.

"என் மகன் கல்லில் என் பெயரைப் பார்த்துவிட்டான். அவன் அறையில் இருக்கும் பையன்களும் பார்த்துவிட்டார்கள். ஏம்மா இப்படிப் பண்ணே என்று எழுதியிருக்கிறான்."

பதில் எழுதவில்லை. இன்று விடுமுறை.


செப்டம்பர் 15, திங்கள்

எங்கள் சர்வர் பக்கத்து அறையில் இருக்கிறது. என் மேசையிலிருந்து ஒரு செய்தி அங்கே போய்ச் சேர இரண்டு மில்லி விநாடி. நான் சோதித்ததெல்லாம் அந்த இரண்டில்.

இன்று செயற்கையாக நூற்றெண்பது தாமதம் வைத்துப் பார்த்தேன். ஓரத்தில், சரியாக ஓரத்தில், இருபது முறை குதித்தேன். இருபதிலும் குறி.

பிறகு, ஓரத்துக்கு இரண்டடி முன்பே பயந்து குதிக்கிறவர்களைப் போல இருபது முறை. குறி எதுவும் இல்லை.

இன்னும் சரிபார்க்க வேண்டும்.


செப்டம்பர் 16, செவ்வாய்

தரையில் இறங்கும்போது காலடியில் தூசி எழும்பும் நேரத்தைச் சரிசெய்தேன். நாள் முழுவதும்.


செப்டம்பர் 17, புதன்

தூசி.

அம்மா அழைத்தாள். எடுத்தேன்.

"மக்ளே, தீசிஸ் எப்பம் குடுப்ப? போதகரு கேட்டாரு. டாக்டர் ஷெர்லின்னு இப்பமே கூப்பிடுதாரு."

"வேலை நடக்குதும்மா."

பொய் இல்லை. வேலை நடக்கிறது. எது என்று அவள் கேட்கவில்லை.


செப்டம்பர் 18, வியாழன்

எழுதிப் பார்க்கிறேன். எழுதினால் சொல்ல வந்துவிடும்.

ஒன்று. பவளக்கொடி ஓரத்தில் அழுத்துகிறார். அவர் திரையில் கால் பாறையில் இருக்கிறது. அந்தச் செய்தி மலையிறங்கி இங்கே வந்து சேருவதற்குள் சர்வர் அவரை இன்னும் முன்னால் ஓட்டிக்கொண்டு போய்விடுகிறது, ஓரத்தைத் தாண்டி, சலுகையையும் தாண்டி. செய்தி வருகிறது. சர்வர் சொல்கிறது: இவள் காற்றில் குதிக்கிறாள்.

இரண்டு. நான் நேரத்தை சர்வர் இருக்கும் இடத்தில் எண்ணினேன். விரல் இருக்கும் இடத்தில் எண்ணியிருக்க வேண்டும்.

மூன்று. பயந்து முன்னாலேயே குதித்தவர்கள் தப்பித்தார்கள். தைரியமாகக் கடைசி வரை ஓடிச் சரியாகக் குதித்தவர்கள் மாட்டினார்கள். அறுநூறு பேரில் ஆகச் சிறந்த பதினேழு பேரைப் பொறுக்கியெடுத்துக் கல்லில் போட்டிருக்கிறேன்.

நான்கு. இது எனக்கு வெள்ளிக்கிழமையே, ஹசீனாவின் ஒன்பது குறியிலேயே, தெரியும்.

எழுந்து போனேன். வெள்ளியங்கிரி முறுக்கு தின்றுகொண்டிருந்தார். சொன்னேன். நான்காவதையும் சொன்னேன். அவர் மெல்வதை நிறுத்தவில்லை. வேகம் மட்டும் குறைந்தது.

"உங்க தகுதிகாண் காலம் எப்ப முடியுதுங்க?"

"முப்பதாம் தேதி சார்."

"அது தெரிஞ்சுதான் ஆறு நாளு சும்மா இருந்தீங்களா?"

"ஆமா."

டப்பாவை என் பக்கம் தள்ளினார். "தின்னுங்க. நான் பஞ்சாலை மிசினுக்கு புரோகிராம் எழுதுனப்ப, தப்பா ஒரு எண்ணப் போட்டு ஒரு ராத்திரி நூல் பூராத்தையும் அறுத்தெறிஞ்சேன். நூலுக்கு பேரு கெடாது. இவங்களுக்குக் கெட்டுப்போச்சுங்க. பதினேழு பேரு கிட்டயும் நீங்களே பேசுங்க. லெட்டர் வேண்டாம். வாயில பேசுங்க."

பூட்டைப் பதினேழு கணக்குகளிலும் எடுத்தேன். கல்லில் இருப்பதை எடுக்கப் புதிய பதிப்பு வேண்டும். அது திறப்பு நாளில்தான்.


செப்டம்பர் 19, வெள்ளி

பதினாறு பேரிடம் பேசினேன். ஒருவர் திட்டினார். ஒருவர் அழுதார். ஈரோட்டுக் கல்லூரி மாணவன் ஒருவன் "அப்ப நாங்க நெஜமாவே கெத்தா?" என்று மூன்று முறை கேட்டான். ஆமாம் என்றேன் மூன்று முறையும்.

பதினேழாவது ஆள் எடுக்கவில்லை.


செப்டம்பர் 21, ஞாயிறு

மேட்டுப்பாளையத்தில் பேருந்து மாறி, கோத்தகிரி. ஹசீனா கூட வருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். "அப்ப ஸ்வெட்டராவது எடுத்துட்டுப் போடி" என்று தன்னுடையதைக் கொடுத்தாள். தேவைப்பட்டது.

'பவளம் ஜெராக்ஸ்'. ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருந்தது. உள்ளே நகலெடுக்கும் இயந்திரம், பழைய கணினி, அதன் முன்னால் மூக்குக்கண்ணாடியோடு ஒரு பெண். ஆதார் அட்டையை லேமினேட் செய்துகொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னேன்.

"'பதிவுகள் பொய் சொல்வதில்லை'. அது நீங்க எழுதுனதா?"

"நான்தான்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "சின்னப் புள்ளையா இருக்கறீங்க. யாரோ மீசை வெச்ச ஆளுன்னு நெனச்சேன். உக்காருங்க."

நடந்ததைச் சொன்னேன். சர்வர், தாமதம், விரல். இடையில் ஒருவர் வந்து சாதிச் சான்றிதழ் நான்கு நகல் கேட்டார். எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து "ம், சொல்லுங்க" என்றார். முடித்ததும் கொஞ்ச நேரம் கீபோர்டைத் துணியால் துடைத்தார்.

"அப்ப எனக்குக் குதிக்கத் தெரியும்."

"அறுநூறு பேர்ல உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும்."

"எனக்கே சந்தேகம் வந்துருச்சு தெரியுமா? கம்ப்யூட்டரு சொல்லுதே, ஒருவேளை எதையாவது தப்பா அழுத்திட்டமோன்னு."

எப்படிக் கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். சிரித்தார். கண்ணால் அல்ல, காதால். ஓடும்போது காலடிச் சத்தம் வருகிறது அல்லவா. முதல் பாறையின் நீளம் ஏழு காலடி. ஏழாவது சத்தம் விழும்போது அழுத்த வேண்டும். இரண்டாவது பாறைக்கு ஐந்து. அப்படி அறுபத்து நான்குக்கும் ஒரு பழைய பில் புத்தகத்தின் முதுகில் எழுதி வைத்திருந்தார். 7, 5, 5, 9, 4. என் நிரலில் கூட இந்தப் பட்டியல் கிடையாது.

"மகன்கிட்ட சொல்லட்டுமா? நானே பேசறேன். தப்பு எங்களோடதுன்னு."

"வேண்டாம்."

"ஏங்க?"

"அவன் எழுதுனதப் பாத்தீங்கல்ல. 'பண்ணுனியாம்மா'ன்னு கேட்டிருந்தா இல்லடான்னு சொல்லியிருப்பேன். 'ஏம்மா பண்ணே'ன்னு கேட்டான். அதுக்கு நான் என்ன பதில் எழுதறது? எட்டு நாளாச்சு. நான் எழுதல. அவனும் எழுதல."

"போன்ல..."

"போன்ல என்னங்க பேசறது? சாப்ட்டியா, சாப்ட்டேன், தூங்கு. அவ்வளவுதான் ரெண்டு பேருக்கும் வரும். ஊருல இருந்தப்பவும் அவ்வளவுதான். உங்க தீவுல போயித்தான் நாங்க பேசவே ஆரம்பிச்சோம். எதையோ வெட்டிட்டு, எங்கியோ ஏறிட்டு, நடுவுல நடுவுல பேசிக்கறது. மூஞ்சியப் பாக்க வேண்டாம் பாருங்க. அவனுக்கு ஒரு புள்ளையப் புடிச்சிருக்கு, அது எனக்கு எங்க வெச்சுத் தெரியும்னு நெனைக்கறீங்க? உங்க பாறையில, பதினெட்டாவது கல்லுல."

பேருந்துக்குக் கிளம்பும்போது ஒரு தாளைக் கையில் கொடுத்தார். குதிப்பைப் பற்றி எட்டுக் குறைகள், எண் போட்டு. மூன்றாவது: "இறங்கும்போது கல்லு மாதிரி விழுகிறது. கொஞ்சம் தணிக்கவும்." ஐந்தாவது: "சேலை கட்டின பாத்திரம் பேன்ட் போட்டவள் மாதிரி குதிக்கிறது."

இறக்கத்தில் பேருந்து வளைந்து வளைந்து வந்தது. அந்தத் தாளைப் பிடித்தபடியே வந்தேன். ஐந்து வருடம் என் ஆய்வுக்கு வழிகாட்டியவர்கள் யாரும் இவ்வளவு கவனமாக என் வேலையைப் படித்ததில்லை. நன்றி என்று சொல்லவில்லை. பேருந்து கிளம்பிவிட்டது.


செப்டம்பர் 22, திங்கள்

சேலை பற்றி ஹசீனாவிடம் சொன்னேன். "அல்லாவே, கரெக்ட்டாச் சொல்லியிருக்காங்க," என்றாள். நாள் முழுவதும் சேலை கட்டி, கழிப்பறைக் கண்ணாடி முன் குதித்துப் பார்த்தாள். இடது கை கொசுவத்துக்குத் தானாகப் போகிறது. அதை வரைகிறாள்.

இறங்கும் ஈர்ப்பு முப்பத்தைந்திலிருந்து முப்பது.


செப்டம்பர் 24, புதன்

திருத்தம் முடிந்தது. இனி பொத்தானை அழுத்தியபோது மணி என்ன என்பதை விளையாடுகிறவரின் கருவியே செய்தியோடு எழுதி அனுப்பும். சர்வர் அந்த நேரத்துக்குத் திரும்பிப் போய், அப்போது கால் எங்கே இருந்தது என்று பார்க்கும்.

"அவங்க நேரத்த மாத்திப் பொய் எழுதுனா?" வெள்ளியங்கிரி.

"கால் விநாடி வரைக்கும் நம்புவோம் சார். அதுக்கு மேல இல்ல."

"கால் விநாடி நம்பிக்கை." யோசித்தார். "பரவாயில்லீங். என் சம்சாரம் எனக்குத் தர்றதவிட ஜாஸ்தி."

பதினேழு பேரின் பழைய குதிப்புகளையும், அவரவர் இணைப்பின் தாமதத்தைக் கழித்து, புதிய முறையில் ஓட்டிப் பார்த்தேன். குறி: ஒன்றுகூட இல்லை. பவளக்கொடி அழுத்திய நேரங்கள், ஓரத்திலிருந்து சராசரியாகப் பதினோரு மில்லி விநாடிக்குள். சலுகையை அவர் ஒரு முறைகூடப் பயன்படுத்தவில்லை.


செப்டம்பர் 26, வெள்ளி

கல்லைப் பற்றி வாக்குவாதம்.

"பேர மட்டும் எடுத்துரலாங். திறப்பு விழா நேரம். எதுக்கு நம்ம தப்ப நாமளே ஊருக்குச் சொல்றது?"

"பேர எடுத்தா மன்னிச்சு விட்ட மாதிரி இருக்கும் சார். அவங்க மன்னிக்கற இடத்துல இருக்காங்க, நாம இல்ல."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "சரி. என்ன எழுதோணும்?"

எழுதிக் காட்டினேன்.

"இந்தக் கல்லில் பதினேழு பெயர்கள் இருந்தன. அவர்கள் ஏமாற்றவில்லை. மிகச் சரியாகக் குதித்தார்கள். தவறாக எண்ணியது நான். ஷெர்லின், குதிப்புப் பிரிவு."

"உங்க பேரு வேண்டாமுங். கம்பெனி பேரப் போடுங்க."

"எண்ணினது நான் சார்."

ஹசீனா எட்டிப் பார்த்தாள். "குதிப்புப் பிரிவா? அப்படி ஒண்ணு இருக்கா நம்மகிட்ட?"

"இருக்கு. ஒரே ஆள்."

வெள்ளியங்கிரி முதலில் சிரித்தார். பிறகு சரி என்றார்.


செப்டம்பர் 28, ஞாயிறு

ஆராதனை முடிந்து அம்மா வீடு வந்திருக்கும் நேரம் பார்த்து அழைத்தேன்.

"ரிசர்ச்ச விட்டுட்டேன்மா. மார்ச்லயே. சென்னையில இல்ல. கோயம்புத்தூர்ல இருக்கேன்."

மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. நின்றது.

"பின்ன லைப்ரரி, லைப்ரரின்னு சொன்னது?"

"பொய்."

"நான் வாராவாரம் உனக்க தீசிஸுக்கு ஜெபக் குறிப்பு எழுதிப் போடுதேன் மக்ளே. சபையே எந்திரிச்சு நின்னு ஜெபிக்கி."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"இப்பம் என்னதான் செய்யுத?"

"பொம்மைக்குக் குதிக்கச் சொல்லிக் குடுக்கேன்."

வைத்துவிட்டாள்.

ஒரு மணி நேரம் கழித்து ஒரு செய்தி. "அந்த வேலைக்கு பி.எஃப். உண்டா?"

உண்டு என்று அனுப்பினேன். ஒரு சொல். இவ்வளவு நன்றியோடு எதையும் எழுதியதில்லை.


செப்டம்பர் 30, செவ்வாய்

தகுதிகாண் காலம் இன்னும் மூன்று மாதம் நீட்டிப்பு. நியாயம். கையெழுத்துப் போட்டேன்.


அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. சர்வருக்குச் சந்தனம், குங்குமம், மாலை. விசிறித் துளையில் பூ போகாமல் ஹசீனா காவல் நின்றாள். வெள்ளியங்கிரி பூசணிக்காய் உடைத்தார். எல்லோருடைய கீபோர்டுக்கும் ஒரு பொட்டு. என்னுடையதில் இடைவெளிப் பட்டைக்கு மட்டும், அதுதான் குதிக்கும் பொத்தான். பொரி, கடலை, சுண்டல். பவளக்கொடிக்குச் செய்தி அனுப்பினேன்: நாளை திறக்கிறோம், வாருங்கள். படித்ததற்கு அடையாளம் விழுந்தது. பதில் இல்லை.


அக்டோபர் 2, வியாழன்

காலை ஒன்பதுக்குத் திறந்தோம். மதியத்துக்குள் நாலாயிரம் பேர். ஒன்றும் உடையவில்லை. ஒருவன் மட்டும் குதிரையோடு கிணற்றுக்குள் போய்விட்டான். குதிரை தனியாக வெளியே வந்தது.

துறைமுகத்தில் வந்திறங்குகிறவர்கள் கல்லின் முன் நிற்கிறார்கள். படிக்கிறார்கள். ஒருவர் என் பெயருக்கு அருகே ஒரு வாழைப்பழம் வைத்துவிட்டுப் போனார். என்ன அர்த்தம் என்று தெரியவில்லை.

மாலை ஐந்தே முக்காலுக்குப் பவளக்கொடி உள்ளே வந்தார். எனக்குத் தெரிவது இடம் மட்டும்: வரைபடத்தில் ஒரு புள்ளி. விளையாடுகிறவர்களின் பேச்சை நாங்கள் படிப்பதில்லை. புள்ளி நேராகத் தாண்டுபாறைக்குப் போனது. ஒன்று, இரண்டு, மூன்று. ஒரு தயக்கமும் இல்லை. பதினெட்டாவது பாறைக்கு வந்து, அதிலேயே முன்னும் பின்னும் உலாவியது.

ஆறு பத்துக்கு மகன். சுதர்சன். துறைமுகத்தில் இறங்கினான். கல்லின் முன் நின்றான். நான்கு வரி படிக்க அவ்வளவு நேரம் ஆகாது. ஆறு நிமிடம் நின்றான்.

பிறகு ஓடினான். முதல் பாறையில் விழுந்தான். மறுபடி. நான்காவதில் விழுந்தான். மறுபடி. பயந்து, ஓரத்துக்கு வெகுமுன்னால் குதிக்கிறவன். அம்மாவின் கை இல்லை. பதினொன்றில் விழுந்தான். ஹசீனா என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "போடா, போடா," என்று முணுமுணுத்தாள். மற்ற புள்ளி அந்தப் பாறையிலேயே உலாவிக்கொண்டிருந்தது. திரும்பி வந்து உதவவும் இல்லை, போகவும் இல்லை.

ஆறு நாற்பதுக்குப் பதினெட்டாவதில் இரண்டு புள்ளி. அந்தப் பாறையின் அகலம் இரண்டு மீட்டர்.

நின்றார்கள். குதிப்பு இல்லை, நடை இல்லை. அசைவுக்கான ஒரு பொத்தானும் அழுத்தப்படவில்லை.

ஏழாவது நிமிடம்தான் எனக்கு உறைத்தது. அசையாமல் பத்து நிமிடம் நிற்கிறவர்களை சர்வர் தானாக வெளியேற்றிவிடும். ஆளில்லாமல் விட்டுவிட்டுப் போன பாத்திரங்கள் இடத்தை அடைக்கக் கூடாது என்று ஜூலையில் நான் எழுதிய விதி. தட்டச்சு செய்து பேசுவது வேறு தடத்தில் போகிறது. அசைவு என்று அதை நான் எண்ணவே இல்லை.

எழுந்து ஓடினேன். பூஜைப் பொரி காலில் நசுங்கியது.

"சார், பத்து நிமிஷ விதிய இப்பவே எடுக்கணும். பேசறவங்களையும் அது வெளிய தள்ளிடும். என் தப்புதான்."

வெள்ளியங்கிரி என் முகத்தைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார்.

"எடுங்க, எடுங்க. எங்கிட்ட எதுக்கு நின்னுட்டிருக்கறீங்க?"

ஒன்பதாவது நிமிடம் எடுத்தேன்.

ஏழரை மணி. விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் கிளம்புகிறார்கள். இரண்டு புள்ளியும் அங்கேயே நிற்கின்றன.